பாகூராவின் பெயர்

தை அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அப்பா காலமான அடுத்த வருஷம், 2019-இல், அண்ணன் அங்கே தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தார். நான் பின்னால் எள்ளும் தர்ப்பையும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயர் வரிசையாகப் பெயர் கேட்டார். அப்பா பெயர், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர். மூன்றையும் அண்ணன் தடுமாறாமல் சொன்னார். அடுத்தது பெண்கள். அம்மா இருக்கிறார், அதனால் ஆயாவிலிருந்து ஆரம்பித்தார்.

"அப்பாவைப் பெத்தவங்க பேரு?"

அண்ணன் சொன்னார்.

"அவங்களோட மாமியார் பேரு?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "பாகூரா" என்றேன் நான். வீட்டில் அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

"அது ஊர்ப் பேரும்மா. அவங்க பேரு?"

தெரியவில்லை. ஐயர் ஒரு பொதுப் பெயரைச் சொல்லி மந்திரத்தை முடித்தார். பக்கத்தில் ஆள் காத்திருந்தார்கள். எழுந்து வந்துவிட்டோம். ஆனால் எனக்கு அன்று முழுக்க மனசே ஆறவில்லை. அந்தம்மாள் கடலூர் முதுநகருக்கு வாழ வந்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, அதே வீட்டில் செத்துப்போனவர். அவர் பெயரை அவர் வயிற்று வழி வந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் மருமகளை அவள் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுவது வழக்கம். பண்ருட்டியா, நெல்லிக்குப்பத்தா, பாகூரா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை இல்லை என்று நினைத்த காலம். இரண்டு தலைமுறை போனால் ஊர்ப் பெயர் மட்டும் நிற்கும், ஆள் பெயர் போய்விடும். முதலில் இதை ஒரு இழப்பாகத்தான் பார்த்தேன். தேட ஆரம்பித்த பிறகுதான், அந்த ஊர்ப் பெயரே எனக்குக் கிடைத்த முதல் துப்பு என்று புரிந்தது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். அப்போது அவருக்கு 81 வயது. முதல் தடவை போகும்போது ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் கோடு போட்டு, பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் என்று தலைப்பெல்லாம் எழுதியிருந்தேன். அத்தை அதைப் பார்த்ததுமே, "எனக்கு இன்னா கண்ணு தெரியும், படிக்காதவ" என்று சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் நாலு பெயர்கூடத் தேறவில்லை.

இரண்டாம் தடவை நோட்டு இல்லை. அத்தை முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். நானும் கூட உட்கார்ந்து உரித்தேன். பேச்சு விலைவாசி, முட்டிவலி எல்லாம் சுற்றிவிட்டு யாரோ ஒருவர் வீட்டுக் கருமாதியில் வந்து நின்றது. பிறந்த வீட்டார் கொண்டுவந்து பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணியைப் பற்றி அப்போது கேட்டேன்: "பாகூரா செத்தப்போ கோடி யாரு அத்தே போட்டாங்க?"

அத்தை கையில் இருந்த காயை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரு வந்தாங்க. மாட்டு வண்டியில. பெரியவருக்கு ஒரு கண்ணு சரியா தெரியாது. வர்ற வழியில சாவடியில நிறுத்தி, கோடித் துணியக்கூடப் பிரிச்சிப் பாத்தாங்களாம். பொணத்துக்குப் போத்துற துணிங்கன்னு அழுது சொன்னப்புறம்தான் விட்டாங்களாம். அவங்க வந்து சேர்றப்போ பொழுது சாஞ்சிப்போச்சி. அதுவரைக்கும் எடுக்காம வெச்சிருந்தாங்க."

இதைச் சொல்லும்போது அத்தைக்குப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகம் வந்துவிட்டது. அவர் பிறந்தது 1938. அப்படியானால் அந்தச் சாவு 1950 வாக்கில் நடந்திருக்க வேண்டும். வருஷம் கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. வண்டியும் சாவடியும்தான் வருஷத்தைச் சொல்லின. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர், அன்று பிரெஞ்சு நாட்டு மண். அத்தை சொன்ன சாவடி எல்லையில் இருந்த சுங்கச் சாவடி. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ஆம் தேதி. சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. இன்றைக்கு ஆல்பேட்டையில் பெண்ணையாற்றைத் தாண்டி, முள்ளோடை வழியாகப் போகிற சின்னப் பேருந்துப் பயணம். அன்று அது நாடு விட்டு நாடு போய்த் தங்கச்சிக்குக் கோடி போட்டுவிட்டு வருகிற காரியம்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "கொள்ளுத்தாத்தா பெயர் என்ன, எப்போது பிறந்தார்" என்று கேட்பதில்லை. காதுகுத்துக்கு எந்த மாமன் மடியில் உட்கார வைத்தார்கள், தலைப்பிரசவத்துக்கு எந்த ஊருக்குக் கூட்டிப்போனார்கள், சீர் எந்த வழியாக வந்தது, கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனது யார், கொள்ளி வைத்தது யார், கோடி போட்டது யார். இப்படிக் கேட்டால் உறவு முறை தானாக வந்துவிடும். நம் சடங்குகளில் ஒவ்வொரு இடத்துக்கும் இன்ன முறை உள்ளவர்தான் நிற்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஆள் ஞாபகம் வந்தால் முறை வரும், முறை வந்தால் வீடு வரும். பெயர் கடைசியில் வந்தால் போதும்.

இன்னொன்று. போனில் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அத்தை இரண்டு இடத்தில், "இத எழுதாத" என்று சொன்னார். அந்த இடத்தை அவர் முன்னாலேயே அழித்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான் அவர் இன்னும் தாராளமாகப் பேசினார்.

அண்ணன் தம்பிகளின் பெயர் அத்தைக்கும் தெரியவில்லை. "பாகூர் மாமா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு மொய் நோட்டு.

முதுநகர் வீட்டில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது ஓடு பறந்து, பெட்டி இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தது. அதைத் திறந்து பார்க்க எட்டு வருஷமாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே இருந்த காகிதமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. அவசரப்பட்டு ஒரு கட்டைப் பிரித்து இரண்டு தாளைக் கிழித்தேன். அந்த இரண்டில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதன் பிறகு பொறுமையாக, நிழலில், மின்விசிறியைத் தூரத்தில் வைத்து, ஓரத்தில் தானாக விட்ட தாளை மட்டும் எடுத்தேன். எடுக்கும் முன்னாலும் எடுத்த பின்னாலும் படம் பிடித்தேன். தயவுசெய்து பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். எங்கள் பெட்டியில் இருந்த ஒரு பத்திரத்தில் அப்படித்தான் நான்கு வரி போயிருக்கிறது.

மொய் நோட்டு அத்தையின் 1957-ஆம் வருஷத்துக் கல்யாணத்துக்கானது. நாலு பக்கம் போனால் "பாகூர்" என்று ஊர் போட்டு அடுத்தடுத்து இரண்டு பெயர். இருவருக்கும் ஒரே தலைப்பெழுத்து. தாய்மாமன் வரிசை எழுதிய பக்கத்தில் இவர்கள் இல்லை, சரிதான், ஏனென்றால் அவர்கள் அத்தைக்கு மாமன் அல்ல, தாத்தாவுக்கு மாமன். முதல் ஆளின் பெயருக்குப் பக்கத்தில், வேறு மையில், "கண்" என்று ஒரு சொல் இருந்தது. அதே பெயரில் இன்னொருவர் இருந்திருக்கலாம், அடையாளத்துக்காக எழுதியிருப்பார்கள். அத்தை சொன்ன அந்த ஒரு கண் தெரியாத அண்ணன் இவர்தான்.

நம் வீடுகளில் மொய் நோட்டைத் திருப்பிச் செய்ய வேண்டிய பணக் கணக்கு என்று நினைத்து, கணக்குத் தீர்ந்ததும் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடுகிறோம். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குடும்பத்துக்கு யார் யார் சொந்தம், எந்தெந்த ஊரில் இருந்தார்கள், யார் முதலில் எழுதும் அளவுக்கு நெருக்கம் என்று அவ்வளவும் வரிசையாக எழுதி வைத்த ஏடு அது. அதைப் போல ஒன்றை எந்தக் காப்பகமும் வைத்திருக்காது.

அப்புறம் பத்திரம். பெட்டியில் 1950-களில் எழுதிய ஒரு பாகப்பிரிவினை இருந்தது. அதில் வீட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் "நமது தாயாருக்கு 1931-ம் வருஷத்திய தஸ்தாவேஜுப்படி கிடைத்து" என்று எழுதியிருந்தார்கள். நமது தாயார். அங்கேயும் பெயர் இல்லை. ஆனால் முந்தைய பத்திரத்தின் எண்ணும் வருஷமும் இருந்தன. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தைக் காட்டிக்கொடுக்கும். அதைப் பிடித்துப் பின்னால் போகலாம்.

நான் தேடியபோது வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைத்தது 1975-க்கு இந்தப் பக்கம்தான். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனுப் போட வேண்டியிருந்தது. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஒன்றாம் புத்தகத்தில் ஏறும். அதற்கு ஆட்களின் பெயர்ப்படி ஒரு அட்டவணை, சொத்தின்படி ஒரு அட்டவணை. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். உயில் மட்டும் அப்படிக் கிடையாது, அது மூன்றாம் புத்தகம், அதற்குத் தனிக் கட்டுப்பாடு. இந்த விவரம் தெரியாமல் நான் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன். என்ன வேண்டும் என்று கேட்டால் "எங்கள் குடும்பத்துப் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது யாருக்கும் உதவாது. பத்திர எண், வருஷம், கிராமம், நான்கெல்லை என்று எழுதிக்கொண்டு போன மூன்றாம் தடவைதான் வேலை நடந்தது.

நகல் கையில் வந்த நாள் எனக்கு மறக்காது. 1931, பிரஜோற்பத்தி வருஷம். தான செட்டில்மென்ட். கடலூர் முதுநகரில் இருக்கும் இன்னார் குமாரர், வயது சுமார் 40, மண்டிக் கணக்கு ஜீவனம் என்று கொள்ளுத்தாத்தாவைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் "என் பாரியாள்" என்று எழுதி, பெயர். முழுப் பெயர். அதன் கீழே, "உன்பேரில் எனக்குள்ள பிரியத்தினாலும் விசுவாசத்தினாலும்" என்று இருந்தது. இது பத்திரம் எழுதுகிறவர்களின் வாடிக்கைச் சொல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அலுவலக வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் நின்று அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஒருவர் தன் மனைவியை "நீ" என்று பேசி எழுதிய ஒரு வரி.

பெயரை இங்கே எழுதவில்லை. அத்தையிடம் கேட்டேன். "வூட்டுக்குள்ள இருக்கட்டும் கண்ணு" என்றார். எழுதாமல் விடுகிறேன்.

பழைய பத்திரத்தில் நான்கெல்லையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்னார் மனை என்று இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல சமயம் பங்காளிகள். எங்கள் பத்திரத்தில் தெற்கு எல்லையில் இருந்தவர் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. அந்தக் கிளையே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. அதேபோல் பழைய பத்திரத்தில் சாதி எழுதாமல் இருக்க மாட்டார்கள். சில வீட்டுக்கு அது வழி காட்டும், சில வீட்டுக்கு அது வலியைக் கிளறும். தேடப்போகிறவர்கள் இதற்கு மனசைத் தயார் செய்துகொண்டுதான் போக வேண்டும். எனக்குக் கிடைத்த நகலைப் பார்த்த ஒரு சொந்தக்காரர், அந்த வரியை மறைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் காட்டு என்றார். நான் மறைக்கவில்லை. அப்படித்தான் எழுதினார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

பெயர் கிடைத்தாயிற்று. ஆனால் அவர் யாருடைய மகள்? தமிழ்நாட்டுப் பக்கக் காகிதம் எல்லாம் அவரை இன்னாருடைய பாரியாள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. தாய் தகப்பன் பெயருக்குப் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் வைத்த குடிமைப் பதிவேட்டை அங்கே பேச்சில் எத்தா சிவில் என்பார்கள். அதில் ஒரு பெரிய நன்மை, பிறப்புப் பதிவில் தகப்பன் பெயரோடு தாயின் பெயரும் இருக்கும். பாகூராவின் பிறப்புப் பதிவு எனக்குக் கிடைக்கவில்லை. கிராமத்தில் எல்லாப் பிறப்பையும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதிலும் பெண் குழந்தை. ஆனால் மொய் நோட்டில் இருந்த இளைய தம்பியின் பெயரை வைத்துத் தேடினால் அவர் பதிவு இருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தாய் தகப்பன்தானே. நேராகப் போக வழியில்லாதபோது கூடப் பிறந்தவர் வழியாகப் போகலாம் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அங்கே எழுத்துதான் சிரமம். நம் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்புக்கு எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் யூ என்ற ஒரே எழுத்து போடும் இடத்தில் ஓவும் யூவும் சேர்ந்து வரும். அதனால் சுப்பிரமணியனை எஸ், யூ என்று தேடினால் கிடைக்க மாட்டார். எஸ், ஓ, யூ என்று தேட வேண்டும். பிள்ளை என்பது "புள்ளே" என்று ஒலிக்கும்படி பெயரோடு ஒட்டியிருக்கும். முதலியார் "மொதெலியார்" ஆகியிருப்பார். அம்மாள் என்பதன் கடைசியில் இரண்டு எல்லும் ஒரு ஈயும் இருக்கும். நான் செய்தது இதுதான்: தேடும் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து, அது ஒரு பிரெஞ்சுக்காரர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று ஐந்தாறு விதமாக எழுதி வைத்துக்கொண்டேன். வயதை நம்ப வேண்டாம், எல்லாம் "சுமார்"தான். சாட்சிகள் பெயரை மட்டும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு வந்தவர் சித்தப்பாவாகவோ மாமனாகவோ இருக்கலாம்.

புதுச்சேரிக் குடும்பங்களில் சிலருக்கு இந்த வேலை சுலபம். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வந்த ஆணைப்படி, சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்துக்குள் போனவர்கள் ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். நமக்கு அப்படி இல்லை. அப்பாவின் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்து, பேரனுக்குத் தாத்தாவின் பெயர். ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் வந்துகொண்டே இருக்கும், இரண்டு ஆளை ஒருவராக்கிவிடுவது ரொம்பச் சுலபம். அதனால் ஒரு பெயரைக் கண்டதும் நம் ஆள் என்று பாயாமல், தகப்பன் பெயர், ஊர், தொழில் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்துகிறதா என்று பார்க்கிறேன்.

நேரில் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், இந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பகுதிகளின் பழைய குடிமைப் பதிவேடுகளில் ஒரு பகுதியைப் படமாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இந்தப் பக்கம் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே கடலூர் மாவட்டம் என்று தேடினால் பழையது ஒன்றும் வராது. 1993-இல் பிரியும் வரை நாம் தென்னாற்காடு ஜில்லா.

2022 ஆடி அமாவாசைக்கு அண்ணன் மறுபடி தேவனாம்பட்டினத்தில் உட்கார்ந்தார். வேறு ஐயர். அவர் கேட்டதும் அண்ணன் பெயரைச் சொன்னார். ஐயர் அடுத்த பெயருக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குடும்பக் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு உண்டு. ஒன்று, வெள்ளைக்காரன் சுட்ட பீரங்கிக் குண்டு எங்கள் கொல்லையில் விழுந்தது என்பது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. சம்பவம் உண்மை. ஆனால் எங்கள் குடும்பம் அப்போது இங்கே இருந்ததற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஊரின் கதையை வீட்டின் கதையாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

இரண்டாவது கதை, கொள்ளுத்தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர் என்பது. தாது வருஷம் என்றால் 1876. சென்னை மாகாணம் முழுக்கப் பட்டினியில் செத்த காலம். இதற்கு எங்களிடம் சாட்சியும் இருந்ததாக நினைத்தோம். பெட்டியின் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு ஜாதகம். "ஜனனீ ஜன்ம சௌக்கியானாம்" என்று எல்லா ஜாதகமும் ஆரம்பிக்கும் அந்தச் சுலோகம், அடியில் "தாது ௵ ஐப்பசி ௴ ௰௪ ௳" என்று பழைய எண்ணும் குறியும். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௰ பத்து, அதன் பக்கத்தில் ௪ நாலு, ஆக 14. ஆண் குழந்தை. பெயர் இல்லை. பஞ்சத்தில் பிறந்தவர் ஜாதகம் கிடைத்துவிட்டது என்று அண்ணனுக்கு உடனே போன் செய்தேன்.

1931 பத்திரம் வந்த பிறகு இடித்தது. அதில் அவருக்கு வயது சுமார் 40. 1876-இல் பிறந்திருந்தால் 55 ஆகியிருக்க வேண்டும். சுமார் என்று எழுதினாலும் 15 வருஷமா தவறும்?

தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். தாது 1876-77-இல் வந்தது, 1936-37-இல் வந்தது, 1996-97-இலும் வந்தது. இது தெரிந்தும் நான் கதையைக் கேட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். எந்தத் தாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு ஜோதிடரிடம் ராசிக் கட்டத்தைக் காட்டினேன். அவர் சொன்ன விளக்கம் எவ்வளவு அழகு. குரு 12 வருஷத்தில் ஒரு சுற்று, சனி கிட்டத்தட்ட 30 வருஷத்தில் ஒரு சுற்று. 60 வருஷம் போனால் இரண்டும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அதனால் அவை இரண்டும் உதவாது. கட்டத்தில் சனி கும்பத்தில் இருந்தது. 1876 ஐப்பசியிலும் கும்பம்தான், 1936 ஐப்பசியிலும் கும்பம்தான். ராகு கேதுவைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சுமார் பதினெட்டரை வருஷக் கணக்கு, 60-க்குள் அடங்காது. 1876-இல் ராகு கும்பத்தில். 1936-இல் தனுசில். எங்கள் ஜாதகத்தில் ராகு தனுசில், கேது மிதுனத்தில்.

ஆக இது 1936. கொள்ளுத்தாத்தாவுடையது இல்லை. பெயர் எழுதாத ஜாதகம் எது கிடைத்தாலும் முதலில் ராகுவைப் பாருங்கள். போனிலேயே பழைய வருஷத்துப் பஞ்சாங்கம் போட்டுப் பார்க்கச் செயலிகள் இருக்கின்றன.

பஞ்சத்தில் பிறந்த கதையை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. அதற்கு முந்தைய தலைமுறைக்கு அது நடந்திருக்கலாம். என் குறிப்பில் அதை "சொல்லக் கேள்வி" என்று தனி நிற மையில் எழுதியிருக்கிறேன். பத்திரத்தில் பார்த்தது, பதிவேட்டில் பார்த்தது, அத்தை சொன்னது, நான் ஊகித்தது என்று ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் இருக்கும். இந்தப் பழக்கம் இல்லாமல் ஆரம்பித்த முதல் நோட்டை அப்படியே ஒதுக்கிவிட்டுத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

அப்போது அந்த ஜாதகம் யாருடையது? அத்தை 1938, அப்பா 1941. தாத்தா ஆயாவுக்கு மூத்த பிள்ளை அத்தைதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். மஞ்சள் துணியைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. துணியைத்தான் முதலில் தொட்டார்.

"இது அம்மா பொடவக் கெழிசல்" என்றார்.

நான் கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு முன்னால ஒரு அண்ணன் இருந்தான். ஒரு வருஷம் கூட இருக்கலியாம். அம்மா என்கிட்ட ஒரே ஒரு வாட்டிதான் சொன்னா. எனக்குத் தலச்சன் பொறந்த அன்னிக்கி. அதுக்கப்புறம் சொல்லவே இல்ல. உங்கப்பனுக்குக்கூடத் தெரியாது."

"பேரு வெச்சாங்களா அத்தே?"

"தெரியலியே கண்ணு."

ஜாதகத்தைத் திரும்பச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெட்டியில் மற்ற காகிதங்களோடு வைக்க எடுத்துப்போகலாம் என்று வந்திருந்தேன். கேட்கவில்லை. உள்ளே போய் அவர் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். வந்து, டீ போடட்டுமா என்று கேட்டார்.

குடும்ப வரைபடத்தில் அத்தைக்கு இடது பக்கம் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தில் "தாது, ஐப்பசி 14" என்று இருக்கிறது.